28–3க்குப் பிறகு: தோற்ற அணியின் தடுப்பை எடைபோடுதல்

2017 பிப்ரவரி 5 அன்று ஹூஸ்டன் நகரின் என்ஆர்ஜி மைதானத்தில் 51ஆவது சூப்பர் பவுல் நடந்தது. மூன்றாம் கால்பகுதியில் 8 நிமிடம் 31 நொடி மீதமிருந்தபோது அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 3. சூப்பர் பவுல் வரலாற்றில் அதுவரை 10 புள்ளிக்கு மேல் பின்தங்கிய எந்த அணியும் மீண்டு வென்றதில்லை. அட்லாண்டாவின் வெற்றி வாய்ப்பை 99 சதவீதத்துக்கும் மேல் என்று காட்டின கணிப்பு மாதிரிகள். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 34–28 என்று முடிந்தது. கோப்பை பேட்ரியட்ஸுக்கு.

சில நாட்களுக்குள் அட்லாண்டா தன் தடுப்பணி ஒருங்கிணைப்பாளர் ரிச்சர்ட் ஸ்மித்தைப் பொறுப்பிலிருந்து விலக்கி, மார்க்வாண்ட் மேனுவலை அந்த இடத்தில் அமர்த்தியது. தாக்குதல் அணியின் ஒருங்கிணைப்பாளர் கைல் ஷனஹான் சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஒருவருக்கு வெளியேற்றம், இன்னொருவருக்குப் பதவி உயர்வு என்ற இந்தப் பங்கீட்டைப் பார்க்கும் எவரும், அன்றிரவு தோற்றது தடுப்பணிதான் என்றே முடிவுகட்டுவார்கள். 25 புள்ளி முன்னிலையை விட்டவர்கள் வேறு யார்? 546 யார்டுகளைக் கொடுத்தவர்கள் வேறு யார்?

எண்களை வரிசைப்படி பிரித்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு பாதிதான் நிற்கிறது. அந்தப் பாதி எது என்று கண்டுபிடிப்பதற்கு, அமெரிக்கக் கால்பந்தில் ஒரு தடுப்பணியின் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த விளையாட்டில் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு தனிப் படைகள் உண்டு. பந்து தம் அணியிடம் இருக்கும்போது பதினொரு பேர் இறங்குவார்கள்; எதிரணியிடம் போனதும் அவர்கள் வெளியேறி, வேறு பதினொரு பேர் வருவார்கள். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். 10 யார்டைத் தாண்டினால் மீண்டும் முதல் டவுன். மூன்றாவது டவுனிலும் தாண்டாவிட்டால் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியிடம் ஒப்படைத்துவிடுவார்கள்; இது பன்ட். பந்தைப் பெற்றதிலிருந்து இழக்கும்வரை நடப்பது ஒரு டிரைவ். ஆகவே தடுப்பணியின் வேலையை ஒரே வரியில் சொல்லலாம்: மூன்று டவுனுக்குள் வேலையை முடித்துவிட்டுக் களத்தைவிட்டு வெளியேறுவது. வெளியேற முடியாத தடுப்பணி இன்னும் ஓட வேண்டும், இன்னும் மோத வேண்டும், ஆள் களைத்துப்போவான்.

546 யார்டு என்ற எண்ணில்தான் முதல் சிக்கல். பேட்ரியட்ஸ் அன்று ஆடிய நகர்வுகள் 93. சூப்பர் பவுலில் அதற்குமுன் எந்த அணியும் அத்தனை ஆடியதில்லை. ஃபால்கன்ஸின் தாக்குதல் அணி ஆடியது 46, அதாவது ஏறக்குறைய பாதி. பந்து பேட்ரியட்ஸ் கையில் இருந்த நேரம் 40 நிமிடம் 31 நொடி. அட்லாண்டாவிடம் 23 நிமிடம் 27 நொடி. கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளர் கொடுத்த மொத்த ஓட்டத்தை மட்டும் பார்த்து யாரும் தீர்ப்பு சொல்வதில்லை. எத்தனை ஓவர் வீசினார் என்று கேட்போம். அதே கேள்வியை இங்கே கேட்டால், 546ஐ 93ஆல் வகுக்க நகர்வு ஒன்றுக்கு 5.9 யார்டு வருகிறது. அந்த ஆண்டு லீக்கின் பொதுவான சராசரி ஐந்தரை யார்டை ஒட்டியது. அட்லாண்டா தடுப்பு சராசரியைவிடச் சற்று மோசம், அவ்வளவுதான். எதிர்ப்புறம் ஃபால்கன்ஸின் 344 யார்டை 46ஆல் வகுத்தால் 7.5. அந்த ஆண்டு லீக்கிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை, 250 மட்டும், கொடுத்த பெருமையோடு வந்த பேட்ரியட்ஸ் தடுப்பணி, நகர்வுக்கு நகர்வு ஒப்பிட்டால் அன்று அட்லாண்டாவின் தடுப்பணியைவிட அதிகம் கொடுத்திருக்கிறது. இதை நான் முதலில் கணக்கிட்டபோது நம்ப முடியாமல் மறுபடியும் வகுத்துப் பார்த்தேன்.

அட்லாண்டாவின் தடுப்பணி யாரைக் கொண்டு அமைந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2016 பருவத்தில் ஃபால்கன்ஸின் தாக்குதல் 540 புள்ளிகள் குவித்து லீக்கில் முதலிடம். தடுப்பு 406 புள்ளிகள் கொடுத்து 32 அணிகளில் 27ஆவது. டியான் ஜோன்ஸ், கியானு நீல், டெவாண்ட்ரே கேம்ப்பெல், பிரையன் பூல் ஆகியோருக்கு அதுவே முதல் பருவம். அணியின் சிறந்த கார்னர்பேக் டெஸ்மண்ட் ட்ரூஃபான்ட் நவம்பரிலேயே காயத்தால் பருவத்தை இழந்திருந்தார். ஒரு தோல்வியை எடைபோடும்போது எதிர்பார்ப்பின் மட்டம் எங்கே இருந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. 27ஆம் இடத்துத் தடுப்பணி, பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக்கான (பாஸ் எறிபவரான) டாம் பிரேடியை முதல் பாதியில் 3 புள்ளிக்குள் நிறுத்தியிருந்தது. லெகாரட் பிளவுன்ட்டிடமிருந்து டியான் ஜோன்ஸ் பந்தைத் தட்டிவிட்டார்; அதிலிருந்து அட்லாண்டாவின் முதல் டச்டவுன் (பந்தைக் கோல்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) பிறந்தது. ராபர்ட் அல்ஃபோர்ட் பிரேடியின் பாஸை இடைமறித்து 82 யார்டு ஓடி இன்னொன்று. 21–3 என்ற இடைவேளைக் கணக்கில் 14 புள்ளிகளில் தடுப்பணியின் கை இருந்தது. கிரேடி ஜாரெட் பிரேடியை மூன்று முறை வீழ்த்தினார். சூப்பர் பவுல் சாதனைக்கு அது சமம்.

அந்த 82 யார்டு ஓட்டத்துக்கு முந்தைய நிமிடங்களில்தான் இந்த ஆட்டத்தின் பெரும்பாலான கதை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் கால்பகுதியில் 8 நிமிடம் 48 நொடி இருக்கும்போது அட்லாண்டாவின் தாக்குதல் அணி தன் இரண்டாம் டச்டவுனை அடித்துவிட்டு உட்கார்ந்தது. பேட்ரியட்ஸ் தொடங்கிய டிரைவில் மூன்று தடவை மூன்றாம் டவுனில் தடுப்பணி வென்றது. மூன்று தடவையும் பிடித்திழுத்த குற்றத்துக்காகக் கொடி விழுந்தது. மூன்று தடவையும் பேட்ரியட்ஸுக்கு இலவசமாக முதல் டவுன். ஏறத்தாழ ஆறரை நிமிடம் கழித்து, கடிகாரத்தில் 2 நிமிடம் 21 நொடி இருந்தபோது, அல்ஃபோர்டின் இடைமறிப்பு. ஆனால் தடுப்பணியே புள்ளி அடித்துவிட்டால் அடுத்த உதையில் பந்து மீண்டும் எதிரணிக்கே போகும். ஆகவே சற்றுமுன் ஓடி முடித்த அதே தடுப்பணி உடனே திரும்பவும் களத்துக்கு வந்தது. பேட்ரியட்ஸ் அந்த டிரைவை 2 நொடி மிச்சமிருக்கும்வரை இழுத்து, பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து ஒரு ஃபீல்டு கோல் அடித்தது. முதல் பாதியின் கடைசி எட்டே முக்கால் நிமிடமும் அட்லாண்டா தடுப்பணியே வேலை செய்தது. புள்ளிப்பட்டியலில் அது அணியின் மிகச் சிறந்த நேரம். கால்களுக்கோ அது கடன் ஏறிய நேரம்.

அந்தக் கடனில் ஒரு பங்கு தடுப்பணி தானே வாங்கியது. பேட்ரியட்ஸின் மூன்றாம் டவுன் வெற்றி 14க்கு 7 என்று ஆட்டக் குறிப்பு சொல்கிறது, மோசமில்லாத எண். ஆனால் குற்றக் கொடியால் கிடைத்த முதல் டவுன் அந்தக் கணக்கில் சேராது. தடுப்பாளர் எதிரியின் சட்டையைப் பிடித்து இழுத்து டிரைவை நீட்டித்துக் கொடுத்தது, மூன்றாம் டவுன் வெற்றி என்ற பத்தியில் எங்கும் தெரியாது. அட்லாண்டா அன்று பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல் முறையை ஆடியது. ஒவ்வொரு தடுப்பாளரும் ஒரு எதிரியைத் துரத்திக்கொண்டே ஓட வேண்டிய முறை அது. முதல் பாதியில் பிரேடியைக் குழப்பியதும் இதுதான். கைகள் நீளக் காரணமானதும் இதுதான். நேரம் ஏற ஏற ஓட்டம் தளர்ந்தபோது பின்கள ஓட்டக்காரர் ஜேம்ஸ் வைட் லைன்பேக்கர்களிடமிருந்து விலகிக்கொண்டே இருந்தார். அவர் பிடித்த பாஸ்கள் 14, யார்டுகள் 110, தனி ஆளாக அடித்த புள்ளிகள் 20.

28–3க்குப் பிறகு என்ன நடந்தது என்பதை டிரைவ் டிரைவாகப் பார்ப்போம். ஒழுங்கு நேரத்தின் கடைசி நொடிகளில் ஆடிய ஒற்றை நகர்வை விட்டுவிட்டால், பேட்ரியட்ஸ் ஐந்து டிரைவ்கள் ஆடி ஐந்திலும் புள்ளி எடுத்தது. டச்டவுன், ஃபீல்டு கோல், டச்டவுன், டச்டவுன், கூடுதல் நேரத்தில் மீண்டும் டச்டவுன். டச்டவுனுக்குப் பின் இரண்டு முறை இரண்டு புள்ளிக் கூடுதல் முயற்சி, இரண்டும் வெற்றி. லீக்கில் அத்தகைய முயற்சிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே வெல்லும். இரண்டில் ஒன்றைத் தடுத்திருந்தாலும் ஆட்டம் ஒழுங்கு நேரத்திலேயே அட்லாண்டாவுக்கு முடிந்திருக்கும்.

முதல் டிரைவில் 4ஆம் டவுன், 3 யார்டு தேவை. பிரேடி டேனி அமெண்டோலாவுக்கு 17 யார்டு பாஸ் போட்டார். அதே டிரைவில் மூன்றாம் டவுனுக்கு 8 யார்டு தேவைப்பட்டபோது, ஓடுவதற்குப் பேர்போகாத பிரேடி, அப்போது 39 வயது, காலியான நடுக்களத்தில் 15 யார்டு ஓடினார். எல்லோரும் அவரவர் ஆளைத் துரத்திப் போனால் நடுவில் இடம் காலியாகும். இதைத் தடுப்பணியின் கணக்கில்தான் எழுத வேண்டும். இரண்டாவது டிரைவில் கோல்கோட்டுக்கு 7 யார்டுவரை வந்தவர்களை ஜாரெட் இரண்டு முறை வீழ்த்தி 3 புள்ளியோடு நிறுத்தினார். 28–12. நான்காம் கால்பகுதியில் 9 நிமிடம் 44 நொடி இருந்தது. இரண்டு டச்டவுன் வித்தியாசம், அதுவும் இரண்டு புள்ளி முயற்சி இரண்டும் வென்றால்தான். களைத்துப்போன ஒரு தடுப்பணியிடம் இதைவிட என்ன கேட்க முடியும்?

தாக்குதல் அணியின் கணக்கு இங்கே தொடங்குகிறது. அடுத்த டிரைவில் மூன்றாம் டவுன், தேவை 1 யார்டு. அட்லாண்டா ஓடவில்லை, பாஸுக்குப் போனது. பேட்ரியட்ஸின் டோன்டா ஹைடவர் தடையின்றி வந்து அட்லாண்டாவின் குவார்ட்டர்பேக் மேட் ரையனின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட, அட்லாண்டாவின் 25 யார்டு கோட்டில் பேட்ரியட்ஸ் பந்தை எடுத்தது. இன்னொரு 8 புள்ளி. 28–20. தடுப்பணி காக்க வேண்டியிருந்த நிலம் 25 யார்டு மட்டுமே. பிறகு ரையனின் ஒரு பாஸில் டெவான்டா ஃப்ரீமன் 39 யார்டு போனார். ஜூலியோ ஜோன்ஸ் எல்லைக்கோட்டருகே உடலை வளைத்து 27 யார்டு பாஸ் ஒன்றைப் பிடித்தார். பேட்ரியட்ஸின் 22 யார்டு கோட்டில் முதல் டவுன். நேரம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. அந்தப் பருவத்தில் 37 ஃபீல்டு கோல்களில் 34ஐ அடித்த மேட் பிரையன்ட் தயாராக நிற்கிறார். மூன்று தடவை நடுவில் ஓடி, நேரத்தைக் கரைத்து, உதைத்திருந்தால் 11 புள்ளி முன்னிலை. மாறாக ஒரு ஓட்டத்தில் 1 யார்டு இழப்பு, அடுத்துப் பாஸுக்குப் போய் ட்ரே ஃபிளவர்ஸிடம் ரையன் வீழ்ந்ததில் 12 யார்டு இழப்பு, அடுத்து ஜேக் மேத்யூஸ் பிடித்திழுத்த குற்றத்துக்கு 10 யார்டு. ஃபீல்டு கோல் தூரம் கையைவிட்டுப் போனது. பன்ட்.

இந்த மாதிரிக் கணங்களுக்கு எடை போட ஒரு முறை உண்டு. சின்சினாட்டி பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக்காக இருந்துகொண்டே ஆய்விலும் ஈடுபட்ட வர்ஜில் கார்ட்டரும், பேராசிரியர் ராபர்ட் மக்கோலும் 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். களத்தின் எந்தக் கோட்டில் முதல் டவுன் கிடைத்தால், அடுத்து வரும் புள்ளிகளில் சராசரியாக எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று உண்மை ஆட்டங்களைக் கொண்டு கணக்கிட்டிருந்தார்கள். 1988இல் பாப் கரோல், பீட் பால்மர், ஜான் தோர்ன் ஆகியோரின் நூல் இந்த எண்ணத்தைப் பொதுவாசகரிடம் கொண்டுவந்தது. எதிர்பார்ப்புப் புள்ளி என்று இன்று எல்லா அணிகளும் பயன்படுத்தும் அளவுகோலின் வேர் அது. எதிரணியின் 22 யார்டு கோட்டில் முதல் டவுன் என்றால் தோராயமாக 4 புள்ளி மதிப்பு. தன் 9 யார்டு கோட்டில் பந்தைப் பெற்ற அணிக்கு ஏறக்குறைய பூஜ்யம். அந்தப் பன்டுக்குப் பின் பேட்ரியட்ஸ் இருந்த இடம் அதுதான், தன் 9 யார்டு கோடு. ஆக அட்லாண்டாவின் தாக்குதல் அணி அங்கே 4 புள்ளியைச் சிதறவிட்டது. ஹைடவர் தட்டிவிட்ட பந்தில் ஏறக்குறைய 5 புள்ளி இழப்பு என்று என் தோராயக் கணக்கு. இரண்டையும் கூட்டினால் 9. ஆட்டம் போனது 6 புள்ளியில்.

ஆனால் அதே அளவுகோல் தடுப்பணியையும் விடாது. தன் 9 யார்டு கோட்டில், பூஜ்யத்தில், நிற்கும் எதிரியை 91 யார்டு போகவிட்டு 8 புள்ளி கொடுத்தது அந்த இரவின் மிக விலை உயர்ந்த ஒற்றை டிரைவ். முதுகுக்குப் பின்னால் 91 யார்டு நிலம் இருந்தது. எட்டுப் புள்ளி முன்னிலை இருந்தது. கடிகாரமும் துணைக்கு இருந்தது. கூடுதல் நேரத்தில் நாணயச் சுண்டலில் பேட்ரியட்ஸ் வென்று, 8 நகர்வில் 75 யார்டு போய் ஆட்டத்தை முடித்தது. அட்லாண்டாவின் தாக்குதல் அணிக்குப் பந்தே வரவில்லை.

அந்த 91 யார்டு டிரைவின் நடுவே ஒரு நகர்வைத் தனியே சொல்ல வேண்டும். 2 நிமிடம் 28 நொடி இருந்தபோது பிரேடி நடுக்களத்தை நோக்கி எறிந்த பாஸை அல்ஃபோர்ட் பாய்ந்து தட்டினார். இடைமறிப்புக்கே வாய்ப்பிருந்தது. தட்டப்பட்ட பந்து கீழே விழுகையில் அல்ஃபோர்ட், நீல், ரிக்கார்டோ ஆலன் மூவரின் கை கால்களுக்கிடையே ஜூலியன் எடல்மன் பாய்ந்து, தரைக்கு ஒரு விரற்கடை மேலே அதைப் பிடித்தார். 23 யார்டு. பதிவேட்டில் அது தடுப்பணியின் தோல்வி. ஆனால் தடுப்பாளர் தன் ஆளைவிட்டு விலகவில்லை, பந்தைச் சரியாகக் கணித்தார், தொட்டார், உதவிக்கு இருவர் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நூறு தடவை அதே பந்து எறியப்பட்டாலும் அவர்கள் வேறு மாதிரி ஆட வேண்டியதில்லை. பயிற்சியாளர்கள் மறுநாள் ஒளிப்பதிவைப் பார்த்து ஆட்டக்காரருக்கு மதிப்பெண் போடும்போது விளைவை ஒதுக்கிவைத்துச் செயலைத்தான் பார்ப்பார்கள். அல்ஃபோர்டுக்கு அந்த நகர்வில் குறை சொல்ல ஏதுமில்லை. பிரேடி 15 யார்டு ஓடிய நகர்வையும் இதையும் ஒரே பட்டியலில் போடுவது அநியாயம் என்றே சொல்வேன்.

பிரேடியின் முன்னால் இப்படிக் குலைந்தது அட்லாண்டா மட்டும் இல்லை. அதன் தலைமைப் பயிற்சியாளர் டான் க்வின், இரண்டு ஆண்டுகளுக்கு முன் 49ஆவது சூப்பர் பவுலில் சியாட்டில் சீஹாக்ஸின் தடுப்பணி ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். அந்தத் தடுப்பணி லீக்கில் மிகக் குறைந்த புள்ளி கொடுத்த அணி. அதுவும் 24–14 என்ற முன்னிலையோடு நான்காம் கால்பகுதிக்குள் நுழைந்து, பிரேடிக்கு இரண்டு டச்டவுன் கொடுத்து 28–24 என்று தோற்றது. அன்றும் ஆட்களின் இழப்பு காரணம்: கார்னர்பேக் ஜெரமி லேன் கை முறிந்து வெளியேறினார், கிளிஃப் எவ்ரில் தலையில் அடிபட்டு விலகினார். சிறந்த தடுப்பும் 27ஆம் இடத்துத் தடுப்பும் ஒரே குவார்ட்டர்பேக்கிடம் ஒரே கட்டத்தில் உடைந்திருக்கின்றன என்றால், பழியில் ஒரு பங்கை எதிராளியின் திறமைக்கும் விட்டுவைக்க வேண்டும். பிரேடி அன்று ஹூஸ்டனில் 62 பாஸ்களில் 43ஐச் சேர்த்து 466 யார்டு எடுத்தவர்.

வேறுவகைத் தோல்வி ஒன்றும் உண்டு. அதைப் பக்கத்தில் வைத்தால் அட்லாண்டாவின் நிலை இன்னும் தெளிவாகிறது. 2022 ஜனவரி 23 அன்று கான்சஸ் சிட்டியில் பஃபலோ பில்ஸ் 36–33 என்று முன்னிலை பெற்றபோது கடிகாரத்தில் 13 நொடி மட்டும். அந்தப் பருவத்தில் புள்ளிகளிலும் யார்டுகளிலும் லீக்கின் முதல் தடுப்பணி பஃபலோவினுடையது. உதையைக் குறுக்கி நொடிகளைத் தின்னவைக்காமல் பந்தைக் கோல்பகுதிக்கு உதைத்தார்கள். பின் தடுப்பாளர்களை ஆழத்தில் நிறுத்தி நடுவைத் திறந்துவிட்டார்கள். இரண்டு பாஸில் 44 யார்டு, 49 யார்டிலிருந்து ஃபீல்டு கோல், கூடுதல் நேரம், 42–36 என்று தோல்வி. அங்கே ஆட்கள் போதாமல் போகவில்லை, முடிவெடுத்தவர்கள் தவறினார்கள். இரண்டு மாதம் கழித்து லீக், பிளேஆஃப் கூடுதல் நேரத்தில் இரு அணிக்கும் பந்து கிடைக்கும்படி விதியை மாற்றியது. அந்த விதி 2017இல் இருந்திருந்தால் ரையனுக்கு ஒரு டிரைவ் கிடைத்திருக்கும்.

இவற்றையெல்லாம் வைத்து என் தீர்ப்பு இது. அட்லாண்டாவின் தடுப்பணி முதல் 36 நிமிடம் தன் தகுதியைத் தாண்டி ஆடியது. அதன் பிறகு அதன் தகுதிக்கே திரும்பியது. அந்தத் திரும்புதலை விரைவுபடுத்தியவை இரண்டு: தன் சொந்தக் கொடிகள், தன் தாக்குதல் அணி நேரத்தைக் கரைக்க மறுத்தது. 91 யார்டு டிரைவும் கூடுதல் நேர டிரைவும் தடுப்பணியின் பொறுப்பு. அதில் சமாதானம் இல்லை. ஆனால் அந்த இரண்டு டிரைவும் நடக்கவே தேவையில்லாதபடி ஆட்டத்தை முடிக்கும் வாய்ப்பு, 22 யார்டு கோட்டில், வேறு பதினொரு பேரின் கையில் இருந்தது. இழப்பைப் பங்கிடச் சொன்னால் பெரிய பங்கை அவர்களுக்கும் அவர்களுக்கு நகர்வுகளைத் தேர்ந்தவருக்கும் எழுதுவேன்.

அடுத்த பருவத்தில் டியான் ஜோன்ஸ், நீல், ஜாரெட், அல்ஃபோர்ட் எல்லோரும் மேனுவலின் கீழ் ஆடினார்கள். ட்ரூஃபான்ட் காயத்திலிருந்து திரும்பினார். 406ஆக இருந்த எதிரணிப் புள்ளிகள் 315ஆகக் குறைந்து, தடுப்பணி லீக்கில் 8ஆம் இடத்துக்கு ஏறியது. ஷனஹான் போன பிறகு தாக்குதல் அணி 540 புள்ளியிலிருந்து 353க்கு இறங்கியது. 2018 ஜனவரி 13 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நடந்த பிளேஆஃப் ஆட்டத்தில், அந்த ஆண்டு கோப்பையை வெல்லவிருந்த ஈகிள்ஸை அட்லாண்டாவின் தடுப்பணி 15 புள்ளிக்குள் அடக்கியது. கடைசிக் கட்டத்தில் ரையனிடம் பந்து, கோல்கோட்டுக்கு 2 யார்டு, நான்காம் டவுன். ஜூலியோ ஜோன்ஸுக்குப் போட்ட பாஸ் அவர் கைகளில் நிற்கவில்லை. 15–10.